சேணமும் நுகத்தடியும்

1896-இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென்று எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்து, லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு ரப்பராயிற்று. காடழிக்கவும் பால் வெட்டவும் தமிழர்கள் கப்பலேறி வந்த அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் இரண்டு விலங்குகள் மனிதனுக்காக உழைத்தன. துரை குதிரைமேல் ஏறி வேலைக்காடு சுற்றினார். அரிசி மூட்டையும் விறகும் ரப்பரும் மாட்டுவண்டியில் போயின. வண்டியோட்டி பெரும்பாலும் தமிழர். ஒரு விலங்கு முதுகில் சுமந்தது, மற்றது கழுத்தால் இழுத்தது. அந்தப் பாரம் உடம்பில் எந்த இடத்தில் விழுந்தது, அதை யார் அளந்தார்கள், அளந்து என்ன திருத்தினார்கள் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விலங்குடம்பை எலும்பு, தசைநார், நெம்புகோல், வில் என்று பார்த்து, அதன்மேல் செயல்படும் விசைகளைக் கணக்கிடும் துறைக்கு உயிரியக்கவியல் என்று பெயர். குதிரைக்கு அது மிகப் பழைய துறை. 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைவிட்டு எழுவதைப் படமாகப் பிடித்துக் காட்டினார். இன்று சேணத்துக்கு அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பு, குளம்புக்கு அடியில் விசை அளக்கும் தட்டு, கடிவாள வாரில் இழுவிசைமானி என்று அந்தத் துறை வளர்ந்திருக்கிறது. மாட்டுக்கு இதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

முதலில் குதிரையின் முதுகு. ஏறி உட்கார்வதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் தோன்றினாலும் அது அப்படி அமைந்ததில்லை. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் இரண்டும் மார்புக்கூட்டோடு தசையால் மட்டுமே பிணைந்திருக்கின்றன. மார்பு அந்தத் தசைகளின் நடுவே ஊஞ்சல்போல் தொங்குகிறது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்கால்களின் மேல்தான் இருக்கிறது. ஆள் ஏறியதும் முதுகெலும்புத் தொடர் கீழ்நோக்கிச் சற்றே குழிகிறது. குதிரை வயிற்றுத் தசைகளை இறுக்கி, பின்னங்காலை உடம்புக்கு அடியில் நன்றாக எடுத்து வைத்தால் குழிந்த முதுகு மறுபடி மேலெழும்பும். முதுகெலும்பை வில்லாகவும் வயிற்றுத் தசையை நாணாகவும் வைத்து 1946-இல் டச்சு விலங்கியலாளர் ஸ்லைப்பர் இதை விளக்கினார். நல்ல குதிரைப் பயிற்சி என்பது ஆளைச் சுமந்தபடியே அந்த நாணை இறுக்கக் குதிரைக்குக் கற்றுக்கொடுப்பது. அது தெரியாமல் வாரை இழுத்துத் தலையை மட்டும் வளைத்து வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், முதுகு குழிந்தே கிடக்கும்.

மாட்டுக்கும் காறை எலும்பு இல்லை. ஆனால் நம் நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேற்புறத்தில் உட்காரும். மாடு முன்னே தள்ளும்போது திமில் அதற்குத் தடுப்பாக நிற்கும். தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளுவது மாட்டுக்கு இயல்பு. குதிரைக்கு அப்படியில்லை. அதன் இழுப்பு மார்பிலும் தோள்முனையிலும் இருக்கிறது. மாட்டு நுகத்தைக் குதிரைக்குப் பூட்டினால் கழுத்துவார் மூச்சுக்குழலை நெரிக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 70 கிலோ ஆள், 10 கிலோ சேணம். சேணத்தின் அடிமெத்தை முதுகைத் தொடும் பரப்பு 1,100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 73 கிராம் வருகிறது. தாங்கக்கூடியதுதான். சேணம் குதிரைக்குப் பொருந்தாமல் பாதிப் பரப்பில் மட்டும் ஊன்றி நின்றால் அது 145 கிராமாகும். குதிரை நடையை விட்டுத் துள்ளோட்டத்துக்குப் போகும்போது ஆளின் எடை ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய இருமடங்காக இறங்கும். அந்தக் கணத்தில் 290 கிராம். ஏறிய ஆளும் மாறவில்லை, குதிரையும் மாறவில்லை, அழுத்தம் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது. தோலுக்கு அடியில் இரத்தம் ஓடும் நுண்குழாய்கள் நெரிபடுவது இங்கேதான். பழைய சேணப் புண்ணை அடையாளம் காண்பது எளிது. பழுப்புக் குதிரையின் முதுகுமேட்டுக்கு இருபுறமும் கைக்குட்டை மடிப்பளவு வெள்ளை முடி முளைத்திருக்கும். அழுத்தத்தால் மயிர்க்காலில் நிறம் தரும் உயிரணுக்கள் செத்துப்போனதால் வந்த வெள்ளை அது. வாழ்நாள் முழுக்க மாறாது. குதிரை வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கலாம்.

எடையின் அளவும் முக்கியந்தான். 2008-இல் ஓஹாயோவில் எட்டுக் குதிரைகள்மேல் அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். 25-ஐ எட்டியதும் இதயத் துடிப்பும் தசைவலியும் ஏறத் தொடங்கின. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதே என்ற பழைய குதிரைப்படை வழக்கத்துக்கு இதனால் ஒரு சான்று கிடைத்தது. அக்கரைச் சுமத்திராவிலிருந்து நீரிணை ஊர்களுக்கு மட்டக்குதிரைகள் வந்த காலம் உண்டு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு இந்தக் கணக்குப்படி 50 கிலோ பாரம். சேணத்தோடு 85 கிலோ வரும் வளர்ந்த ஓர் ஆள் அதன்மேல் ஏறினால் 34 விழுக்காடு.

நுகத்தடிக்கு வருவோம். 350 கிலோ மாடு நாள் முழுக்கச் சோராமல் தரக்கூடிய இழுப்பு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, சற்று மேலே போகலாம். 40 கிலோ என்று கொள்வோம். உருட்டு மரமாகச் செதுக்கிய நுகத்தடி கழுத்தைத் தொடுவது இரண்டு உள்ளங்கைப் பரப்பு, சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். இது சமதரையில் நல்ல பாதையில் நாள் முழுக்க நிற்கும் அழுத்தம். மேடு ஏறும்போதும் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் இன்னும் எவ்வளவோ கூடும். வண்டியின் எடையில் கழுத்தில் உட்காரும் பங்கை நான் இதில் சேர்க்கவேயில்லை. பொருந்தாத சேணத்தோடு ஒரு குதிரை துள்ளோட்டத்தில் ஒரு கணம் படும் பாட்டில் பெரும்பங்கை வண்டிமாடு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கழுத்தில் ஏற்கிறது. முதலில் மயிர் தேயும், பிறகு தோல் காய்த்துத் தடிக்கும், அதற்கடியில் நீர் கோத்து வீங்கும், கடைசியில் உடைந்து புண்ணாகும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி மறுநாள் அதே இடத்தில் அதே மரத்தைப் பூட்டினால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

வண்டிக்காரர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் இல்லை. முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களில் அவர்கள் வைத்திருந்த அறிவு பெரிது. இருசக்கர வண்டி என்பது அச்சின்மேல் நிற்கும் துலாக்கோல். மூட்டைகள் அச்சுக்கு முன்னால் அதிகமானால் முன்பாரம்: ஏர்க்கால் கீழே அமுங்கி, நுகத்தடி கழுத்தை நசுக்கும். பின்னால் அதிகமானால் பின்பாரம்: ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அதனால் முன்பாரம் சற்றே இருக்கும்படி மூட்டை அடுக்குவார்கள். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து ஒரு மூட்டையை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்துவார்கள். சமதரைக்குச் சரியாக இருந்த அடுக்கு சரிவில் சரியாக இருக்காது. ஏற்றத்தில் வண்டியின் எடைமையம் அச்சுக்குப் பின்னால் சாயும். இறக்கத்தில் முன்னால் சாயும். எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சாய்வும் கூடும். இரு முனையும் கொம்புபோல் மேலெழுந்த கூரைகொண்ட மலாக்கா வண்டியைப் பழைய அஞ்சலட்டைகளில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு நிறைவான அந்தக் கூரை எடைமையத்தை உயர்த்துகிறது. லேடாங் அடிவாரத்து மேடுபள்ளங்களில் அதன் விலையைக் கொடுப்பது மாட்டின் கழுத்து. அதே வண்டியின் பெரிய மரச்சக்கரம் மாட்டுக்கு நல்லது செய்கிறது. உயரமான சக்கரம் குழியையும் கல்லையும் சிறிய சக்கரத்தைவிட எளிதாகக் கடக்கும், இழுப்பு குறையும். மழைக்காலத்துச் செம்பாறை மண்பாதையில் அது சிறிய உதவியில்லை.

ஏற்றத்தில் வண்டிக்காரர் ஏர்க்கால்மேல் முன்னுக்கு நகர்ந்து உட்காருவார், அல்லது இறங்கி நடப்பார். இறக்கத்தில் பின்னுக்கு நகர்வார். குதிரை ஏறுபவர் மேட்டில் முன்னே குனிந்து பின்னங்காலுக்கு வழிவிடுவதும் அதே கணக்குத்தான். முதுகில் ஆள் பின்னுக்குச் சாய்ந்து கனத்தால் இடுப்புப் பகுதித் தசை இறுகும். முன்னுக்குச் சரிந்தால் ஏற்கெனவே 60 விழுக்காட்டைத் தாங்கும் முன்கால்களின்மேல் இன்னும் ஏறும். ஒருபக்கமாக இடுப்பை ஒடித்து உட்காருகிறவர் இருக்கிறாரே, அவரால் குதிரையின் ஒருபக்க முதுகு மட்டும் வேலை செய்து தடிக்கும். வலப்பக்க மாட்டை என்றும் வலப்பக்கமே பூட்டினால் வருகிற கோணலும் இதுவே.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு வேறுபாடு. குதிரையில் திருத்த வேண்டியது பெரும்பாலும் மனித உடம்பு. ஏறுபவரின் இடுப்பெலும்பு குதிரையின் முதுகோடு சேர்ந்து அசைய வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் வில்போல் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். பந்தயக் குதிரையோட்டிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிமிர்ந்து உட்காருவதை விட்டுக் குறுகிய அங்கவடியில் குந்தி நிற்கத் தொடங்கினார்கள். பந்தய நேரம் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தது. ஏன் குறைந்தது என்பது 2009-இல்தான் அளந்து சொல்லப்பட்டது. குந்தி நிற்பவரின் கால்கள் வில்லாக வேலை செய்கின்றன. குதிரை மேலும் கீழுமாக ஆடும்போது ஆள் அவ்வளவாக ஆடுவதில்லை. குதிரை அவர் எடையைச் சுமக்கிறது, ஆனால் ஒவ்வொரு தாவலிலும் அதைத் தூக்கி எறிந்து மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. அந்த இலாபத்துக்காக ஆளின் இதயம் கடுமையாக உழைக்கிறது. விலங்கின் பாரத்தில் ஒரு பங்கை மனிதன் தன் தொடைக்கு மாற்றிக்கொள்கிறான்.

மாட்டு விஷயத்தில் திருத்த வேண்டியது மரமும் இரும்பும். யாரும் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. பெங்களூர் ஐ.ஐ.எம்-மின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசாமி இதைத்தான் 1970-களிலிருந்து ஊர் ஊராகச் சொன்னார். நிர்வாகவியல் நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றிப் பேசியது பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். நுகத்தடியை அகலமாக்கி வளைவாகச் செதுக்குங்கள், மெத்தை வையுங்கள், வண்டியின் சொந்த எடையைக் குறையுங்கள், அச்சுக்குப் பேரிங் போடுங்கள் என்றார். பேரிங்கால் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு இந்தியாவின் 1965-ஆம் ஆண்டு இழுவை, பொதி விலங்கு விதிகளே சான்று. பெரிய மாடுகள் பூட்டிய இருசக்கர வண்டிக்குக் காற்றுச் சக்கரம் இல்லையென்றால் 900 கிலோ, காற்றுச் சக்கரம் இருந்தால் 1,350, பேரிங் இருந்தால் 1,800. மாடு அதேதான். உராய்வு குறைந்ததால் சட்டம் இருமடங்கு அனுமதிக்கிறது. இங்கேதான் எனக்கு மனக்குறை. மிச்சமான இழுப்பை மாட்டுக்கு ஓய்வாகக் கொடுக்காமல் மேலும் மூட்டையாக ஏற்றிவிட்டோம். குதிரையோட்டி குந்தி நின்றதால் வந்த இலாபமும் வேகத்துக்குத்தான் செலவானது. விலங்கின் உடம்பை நன்றாகப் புரிந்துகொண்டால் அதன் நலம் தானாகப் பெருகும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் யோசிக்க வேண்டும்.

வாய்க்கும் மூக்குக்கும் நேர்வது தனிக்கதை. கடிவாளம் குதிரையின் பல்லில்லாத ஈறுமேட்டில் உட்காருகிறது; மூக்கணாங்கயிறு மாட்டின் நாசித் தடுப்பைத் துளைத்துப் போகிறது. இரண்டும் வலியின் அச்சத்தால் திருப்புகிற கருவிகள். குதிரையின் மூக்குவாருக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்ற பழைய பேச்சை, உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் அளவுகோலாகவே செய்து கையில் கொடுத்துவிட்டது. மூக்கணாங்கயிற்றின் தடிமனுக்கு அப்படி ஓர் அளவுகோலை நான் கண்டதில்லை.

வலியைப் படிப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு. 2018-இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன், ஆள் ஏறிய குதிரை வலியில் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்தார்: காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை ஓயாமல் வீசுவது, வாயைப் பிளப்பது, தலையைச் சாய்ப்பது, கண் வெறித்து நிற்பது. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். முரட்டுக் குதிரை, சோம்பேறிக் குதிரை என்று ஒதுக்கப்பட்ட பலவும் வலித்த குதிரைகள் என்பது இப்படி வெளிச்சத்துக்கு வந்தது. நம்மிடம் சண்டிமாடு என்று ஒரு பெயர் இருக்கிறது. நுகத்தடியைக் கண்டதும் பின்வாங்கும், பாதி வழியில் படுத்துக்கொள்ளும், தலையை உதறும். வாலை முறுக்கித் தார்க்குச்சியால் குத்தி எழுப்பிய அந்த மாடுகளில் எத்தனைக்குக் கழுத்தில் நீர் கோத்திருந்தது, எத்தனைக்கு லாடம் கோணலாக அடிக்கப்பட்டிருந்தது என்று யாரும் எட்டு வரை எண்ணிப் பார்க்கவில்லை. லாடம் அடிப்பதிலேயே இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். குதிரை நின்றபடி காலைத் தூக்கிக் கொடுக்கும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனித் தகடு அடிக்க வேண்டும்.

மலாக்காவின் வெப்பத்தையும் விட்டுவிட முடியாது. இங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உடம்பில் வழியும், உலராது. வியர்த்துத்தான் உடம்பைத் தணிக்கும் குதிரைக்கு இது கடினமான இடம். வெப்பநாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோய் வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது. 2008-இல் திரங்கானுவில் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி நடந்தது. அத்தகைய போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மருத்துவர் குதிரையை நிறுத்தி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். இறங்காவிட்டால் அதோடு முடிந்தது. திமில் மாடு வெப்பத்தைக் குதிரையைவிட நன்றாகத் தாங்கும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, சேற்றுக் குழியில்லாமல் அதனால் முடியாது. இவற்றுக்கு 64 போல வழக்கத்தில் உள்ள ஓர் எண்ணை நான் கண்டதில்லை.

குதிரைக்கு இவ்வளவு அறிவு சேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. முதுகு வலித்தால் குதிரை பந்தயத்தில் தோற்கும், ஆட்டப் புள்ளி குறையும். இழப்பு அதை வைத்திருப்பவர் கைக்கு உடனே வரும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மலேசியாவின் காபில் அம்பாக் தனிநபர் குதிரைப் பயிற்சிப் பிரிவில் வெள்ளி வென்றார். அந்த ஆட்டத்தில் நடுவர்கள் பார்ப்பதே குதிரையின் முதுகு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான். கூலிக்கு வண்டி ஓட்டியவருக்கோ நடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் காசு. மாட்டை ஒருநாள் அவிழ்த்துவிட்டால் அன்று அடுப்பெரியாது. அவர் கல்நெஞ்சர் இல்லை. பொங்கலன்று அதே கழுத்துக்கு மாலை போட்டு மஞ்சள் பூசியவரும் அவர்தான். மெத்தை வைத்த அகல நுகத்தடியைத் தோட்ட நிர்வாகம் செய்து கொடுத்திருக்க வேண்டும். செலவு ஒரு தச்சரின் ஓரிரு நாள் கூலி.

இதைப் பழங்கதை என்று மூடிவைக்க முடியாது. பினாங்குத் தைப்பூசத்தில் நகரத்தார் வெள்ளித் தேரைக் காளைகள் இழுத்து வந்திருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் லாரியும் டிராக்டரும் நுழைய முடியாத வரிசைகளுக்குள்ளிருந்து பழக்குலைகளை எருமை வண்டியில் வெளியே கொண்டுவரும் வழக்கம் தீபகற்பத்திலும் சபாவிலும் இருக்கிறது. அங்கே ஒற்றை எருமையின் கழுத்தில் ஒற்றை நுகம். பாரத்தைப் பங்கிட ஜோடியில்லை. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் எருமையையும் காக்கிறது. ஆனால் எது கொடுமை என்று நிறுவ அளவு வேண்டும். குதிரைச் சேணத்துக்கு அடியில் விரிக்கும் அழுத்த விரிப்பை எருமையின் கழுத்தில் சுற்றி, அதன்மேல் நுகத்தைப் பூட்டி, காலையில் ஒருமுறையும் பாரம் ஏற்றி மேட்டில் ஒருமுறையும் அளக்க ஒரு நாள் போதும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் சிலராவது ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்தில் பிறந்து மாட்டுக்கொட்டகை பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் ஒருவருக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.